மேடைக்கு முன்னால் வாசல் இருக்கிறது

கேள்வி: தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மன்னார்குடியில் வரவேற்பு. 600 பேர் வருவார்கள். அக்கா வீட்டுக் கல்யாணத்தில் மேடை ஏற ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, பலர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள் அம்மா. 600 பேர் நான்கு நான்கு பேராக ஏறினால் 150 குடும்பம். ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு ஒரு நிமிஷம் என்றாலே இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். தையில் சம்பா அறுவடை வேறு. வயலிலிருந்து வந்து குளித்துக் கிளம்புகிறவர்கள் ஏழு மணிக்கு மொத்தமாகத்தான் வருவார்கள். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். அதனால் ஆறரைக்கே முதல் பந்தியைப் போட்டுவிடுங்கள். "சாப்பிட்டு வந்து மேடை ஏறிக்கலாம், வாங்க" என்று ஒருவர் சொன்னால் போதும், பாதி வரிசை கரைந்துவிடும்.

அதைச் சொல்ல வேண்டிய இடம் வாசல். நம் பக்கத்தில் வாசலில் மேஜை போட்டு சந்தனம், குங்குமம், கற்கண்டு, பூ எல்லாம் குறையில்லாமல் வைத்துவிடுகிறோம். பன்னீர்ச் செம்போடு இரண்டு சின்னப் பெண்களையும் நிறுத்துகிறோம். பாவம், வருகிறவர் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. பெரியவர் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு நொடி சுற்றிப் பார்ப்பார். அந்த நொடியில் "வாங்க சித்தப்பா, சித்தி வரலையா?" என்று ஒரு குரல் கேட்க வேண்டும். அதுதான் வரவேற்பு. அப்புறம் மேடையில் அரை நிமிஷம் நின்றாலும் அவருக்கு மனக்குறை இருக்காது.

உறவுமுறை எல்லாம் அத்துப்படியாகத் தெரிந்த ஒருவரைப் பெண் வீட்டிலிருந்தும் ஒருவரை மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் அங்கே நிறுத்துங்கள். புருஷனை இழந்த அத்தையை உள்ளே ஒதுக்கி உட்கார வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூன்று தலைமுறையையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் அந்த அத்தைதான்.

மேடையில் உங்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டாரைத் தெரியாது, அவருக்கு உங்களவர்களைத் தெரியாது. இரண்டு பக்கத்துப் பெற்றோரும் அருகில் நின்று, "இவங்க அப்பாவோட அத்தை, திருத்துறைப்பூண்டி" என்று சொல்லிக்கொடுங்கள். வரிசை நிற்பது பெரும்பாலும் போட்டோவால்தான். குடும்பத்துக்கு ஒரு படம், பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்பது மணிக்கு மேல் என்று போட்டோகிராபரிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பரிசுப் பொருளை வாங்கிப் பின்னால் வைக்க ஒரு பையன், ஏறுவதற்கு ஒரு படி, இறங்குவதற்கு எதிர்ப்பக்கம் ஒரு படி. மொய் மேஜை மேடைப் பக்கமே வேண்டாம், பந்தி வழியில் போடுங்கள்.

காலில் விழுந்து ஆசி வாங்க வேண்டிய நெருங்கிய பெரியவர்களை, வரிசை தொடங்குவதற்கு முன் முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிடுங்கள். முட்டி வலியோடு அவர்கள் படி ஏற வேண்டாம். பெண்ணும் மாப்பிள்ளையும் கீழே இறங்கி வந்து வணங்கட்டும்.