ஜாவாஸ்கிரிப்ட்ல வெப்பேஜ் பட்டனோட பழைய கிளிக் ஃபங்ஷனை தூக்கிட்டு புதுசு வைக்கிறது எப்படி? கேள்வி-பதில்

கேள்வி: கிளிக் பண்ணா ஓடுற ஃபங்ஷனை (லிசனர்) சேர்க்க புதுசா ஆட்ஈவன்ட்லிசனர் (addEventListener) போட்டேன், பழைய ஃபங்ஷனும் சேர்ந்தே ஓடுதே?

பதில்: அப்படித்தான் ஓடும். அது பழசை தூக்காது, வரிசைல இன்னொண்ணை சேர்க்கும், அவ்ளோதான். பட்டனோட ஆன்கிளிக்ல (onclick) ஒரே இடம்தான், புதுசு வச்சா பழசு போயிடும், நல் (null, அதாவது ஒண்ணுமில்ல) கொடுத்தா காலி. ஆனா ஆன்கிளிக்ல நல் வச்சா ஆட்ஈவன்ட்லிசனர்ல போட்டதும் போயிடும்னு நினைச்சுடாதீங்க, ரெண்டும் தனித்தனி.

கேள்வி: சேர்த்த லிசனரை எடுக்க ரிமூவ்ஈவன்ட்லிசனர் (removeEventListener) போட்டும் போகல, எரரும் வரல.

பதில்: முக்காவாசி பேர் மாட்டிக்கிற இடம் இதுதான். சேர்க்கும்போது கொடுத்த அதே ஃபங்ஷனை எடுக்கும்போதும் கொடுக்கணும், ரெண்டு இடத்துலயும் ஆரோ ஃபங்ஷனை (பேரில்லாம => போட்டு எழுதுறது) அப்படியே எழுதினா எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருந்தாலும் அது வேற ஆப்ஜெக்ட், பிரவுசர் சத்தமே போடாம விட்டுடும். பைண்டும் (bind, ஃபங்ஷனோட this எதுன்னு கட்டிப்போடுறது) இதே கதை, கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் புது ஃபங்ஷன் தரும், அதனால வேரியபிள்ல வாங்கி வச்சுக்கோங்க. கேப்ச்சர் ட்ரூ (capture: true, கிளிக் மேல இருந்து பட்டனுக்கு இறங்கி வரும்போதே பிடிக்கிறது) போட்டு சேர்த்திருந்தா எடுக்கும்போதும் அதையே போடணும். அடிக்கடி மாத்துற வேலைன்னா நான் அபார்ட்கன்ட்ரோலர்தான் (AbortController) சொல்லுவேன், அதோட சிக்னலை ஆப்ஷன்ல கொடுத்துட்டா அப்புறம் ஒரே ஒரு அபார்ட், அந்த சிக்னல்ல இருக்குற லிசனர் மொத்தமும் காலி. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூணுலயும் 2021லயே வந்துடுச்சு, இன்னும் பாதி பேர் தொடவே இல்ல!

கேள்வி: கோடு வேற யாரோ எழுதினது, பழைய ஃபங்ஷன் என் கைக்கே கிடைக்கல.

பதில்: குரோம் கன்சோல்ல கெட்ஈவன்ட்லிசனர்ஸ் போட்டா என்னென்ன ஒட்டியிருக்குன்னு காட்டும், ஆனா அது கன்சோலுக்கு மட்டும்தான், உங்க ஸ்கிரிப்ட்ல வேலை செய்யாது. பட்டனை குளோன்நோட் (cloneNode, நகல் எடுக்கிறது) பண்ணி பழசுக்கு பதிலா வச்சா ஆட்ஈவன்ட்லிசனர்ல ஒட்டினதெல்லாம் உதிர்ந்துடும். ஹெச்டிஎம்எல்லயே எழுதின ஆன்கிளிக் மட்டும் குளோன்லயும் கூடவே வரும், அதை தனியா எடுத்துடுங்க. லிசனர் பட்டன்லயே இல்லாம மேல டாகுமென்ட்ல உக்காந்திருந்தா குளோன் பண்ணி பிரயோஜனமே இல்ல, அப்போ விண்டோல கேப்ச்சர் போட்டு, வந்தது உங்க பட்டன் கிளிக்தானான்னு குளோசஸ்ட் (closest, கிளிக் ஆன இடம் எதுக்குள்ள இருக்குன்னு தேடுறது) வச்சு பார்த்துட்டு, கிளிக் வேற லிசனருக்கு போகாம நிறுத்துற ஸ்டாப்இமீடியட்ப்ராபகேஷன் (stopImmediatePropagation) கூப்பிட்டு புது வேலையை அங்கேயே முடிச்சுடுங்க. கொஞ்சம் முரட்டு வைத்தியம்தான்.

கேள்வி: ஜேக்வரி (jQuery) லைப்ரரில ஆஃப் (off) போட்டா எல்லாம் போயிடுமா?

பதில்: ஜேக்வரி வழியா ஒட்டினது மட்டும் போகும்.

கேள்வி: ஆன்கிளிக்ல ஃபங்ஷன் கொடுத்தேன், பேஜ் திறந்த உடனே ஓடிடுது, கிளிக் பண்ணா ஒண்ணும் நடக்கல.

பதில்: ஃபங்ஷன் பேருக்கு பின்னாடி போட்ட அடைப்புக்குறியை எடுங்க.