லண்டன் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ இபிசி எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வியில் உள்ள விவரம் இவ்வளவுதான். கிழக்கு லண்டனில் பழைய வரிசை வீடு ஒன்று. விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று குடும்பத்தில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. எதைச் செய்தாலும் இபிசி, அதாவது வீட்டின் எரிசக்தித் திறனுக்கு 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் போடும் சான்றிதழ், வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார். கையில் இருப்பது 2014இல் எடுத்த சான்றிதழ். அது செல்லுமா? புதிதாக எடுப்பதற்கு முன் வீட்டில் ஏதாவது செலவு செய்ய வேண்டுமா?

செல்லாது. இபிசிக்கு ஆயுள் 10 ஆண்டு. செலவு செய்வதைப் பற்றிச் சொல்வதற்கு முன், இந்த விஷயத்தில் நான் எப்படி அசடு வழிந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அதுதான் அதிகம் பயன்படும்.

ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீடு 1900களின் தொடக்கத்தில் கட்டியது. தெரு முழுக்க ஒரே அச்சில் வார்த்த வீடுகள். 2013இல் கூரைக்கு அடியில் இருந்த லாஃப்டை ஓர் அறையாக மாற்றினோம். கூரையின் மரச்சட்டங்களுக்கு இடையே தடிமனான வெப்பக்காப்புப் பலகைகள் வைத்து, மேலே பிளாஸ்டர் போர்டு அடித்து, நகராட்சியின் கட்டட ஆய்வாளர் வந்து பார்த்து, நிறைவுச் சான்றிதழும் வாங்கினோம். 2022இல் வேலை மாறி மில்டன் கீன்ஸுக்குக் குடிபெயர்ந்தபோது வீட்டை வாடகைக்கு விட முடிவு செய்தோம். இபிசி மதிப்பீட்டாளர் வந்தார், ஒரு மணி நேரம் அளந்தார், படம் எடுத்தார், போனார். மறுநாள் சான்றிதழ் வந்தது: 51 புள்ளி, 'இ' தரம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இபிசிகள் எல்லாம் அரசின் பொதுப் பதிவேட்டில் இருக்கின்றன. அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் தெருவில் யார் வீட்டுக்கு என்ன தரம் என்று கட்டணமில்லாமல் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் தரத்தைப் பார்க்காமல் இருக்க எனக்கு மனக்கட்டுப்பாடு போதாது. பார்த்தேன். அவருக்கு 62, 'டி'. அதே சுவர், அதே சன்னல், எங்களுடையதைவிடப் பழைய பாய்லர். ஒரே வேறுபாடு, அவர் வீட்டில் லாஃப்ட் அறை இல்லை. பல ஆயிரம் பவுண்டு செலவழித்துக் கட்டிய அறை எங்கள் தரத்தைக் கீழே இழுத்திருந்தது.

சான்றிதழை வரி வரியாகப் படித்தபோது காரணம் தெரிந்தது. கூரை அறை என்ற வரியில், வெப்பக்காப்பு இல்லை என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் 'அனுமானம்' என்று எழுதியிருந்தது. மதிப்பீட்டாளர் சுவரை உடைத்துப் பார்க்க மாட்டார், துளை போடவும் மாட்டார். கண்ணுக்குத் தெரிவதையும் காகிதத்தில் இருப்பதையும் மட்டுமே எழுத அவருக்கு அனுமதி. இரண்டும் இல்லாத இடத்தில், வீடு கட்டிய காலத்தில் என்ன வழக்கமோ அதையே கணினி எடுத்துக்கொள்ளும். 1900களில் யார் கூரைக்கு வெப்பக்காப்பு வைத்தார்கள்? ஆக, எங்கள் 2013ஆம் ஆண்டு அறை எட்வர்ட் மன்னர் காலத்து அறையாகிவிட்டது.

மதிப்பீட்டாளர் மீது கோபம் கொந்தளித்தது. பழைய மின்னஞ்சலைத் தோண்டிப் பார்த்தால், வருவதற்கு இரண்டு நாள் முன்பே 'கூரை, சன்னல், பாய்லர் தொடர்பான ஆவணங்கள் இருந்தால் எடுத்து வையுங்கள்' என்று எழுதியிருக்கிறார். நான் படிக்கவில்லை. நிறைவுச் சான்றிதழ் என் மனைவியின் பைலில், பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில், பத்திரமாக இருந்தது. அதை அனுப்பியதும் பாதிக் கட்டணத்தில் கணக்கைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். 64, 'டி'. வீட்டில் ஓர் ஆணி கூட அடிக்கவில்லை.

ஆகவே உங்களுக்கு என் முதல் யோசனை: பணத்தை எடுக்கும் முன் பைலை எடுங்கள். லாஃப்ட் அறையோ பின்பக்க நீட்டிப்போ இருந்தால் அதற்கான நிறைவுச் சான்றிதழ். சன்னல் மாற்றியிருந்தால் அதைப் போட்டவர் கொடுத்த ஃபென்சா சான்றிதழ், அதாவது சன்னல் வேலை கட்டட விதிப்படி நடந்தது என்பதற்கான காகிதம். சுவருக்குள் வெப்பக்காப்பு நிரப்பியிருந்தால் அதற்கான உத்தரவாதக் கடிதம். பாய்லரின் கையேடு. வாய்வார்த்தை செல்லாது; 'எங்கள் மாமா நேரில் நின்று பார்த்தார்' என்பது அங்கே சாட்சியம் ஆகாது.

லாஃப்ட் வெறும் லாஃப்டாகவே இருந்தால் அதன் கதவு திறக்க வேண்டும், அடியில் ஏணி வைக்க இடம் இருக்க வேண்டும். நம் வீடுகளில் அங்கேதான் கொலுப் பொம்மைகளும், ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை அண்டாவும், எப்போதோ வாங்கிய சூட்கேஸ்களும் அடைந்து கிடக்கும். தரைப்பலகை போட்டு மூடியிருந்தால் ஒரு மூலையிலாவது பலகையைத் தூக்கி, அடியில் எத்தனை மில்லிமீட்டர் வெப்பக்காப்புக் கம்பளி இருக்கிறது என்று அவர் அளக்க வழி செய்யுங்கள். 270 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. 100தான் இருக்கிறது என்றால், இந்தச் சான்றிதழுக்காகச் செய்யும் செலவுகளில் மிகவும் நியாயமானது அதன்மேல் இன்னொரு அடுக்கு விரிப்பதுதான்.

அடுத்து, வாசலில் நின்று சுவரைப் பாருங்கள். செங்கல்லின் நீண்ட முகமும் குட்டை முகமும் மாறி மாறித் தெரிந்தால் பெரும்பாலும் அது ஒன்பது அங்குலத் திடச்சுவர். நீண்ட முகம் மட்டுமே தெரிந்தால் நடுவே இடைவெளி விட்ட இரட்டைச் சுவராக இருக்க வாய்ப்பு உண்டு. 1920களுக்குப் பிறகு இது பரவியது. இரட்டைச் சுவருக்குள் வெப்பக்காப்பை ஊதி நிரப்பலாம், செலவும் குறைவு. ஏற்கெனவே நிரப்பியிருந்தால் சாந்தில் வரிசையாக அடைத்த துளைத் தழும்புகள் தெரியும். அதை மதிப்பீட்டாளருக்குக் காட்டுங்கள். உங்கள் வட்டாரத்துப் பழைய வரிசை வீடுகள் பெரும்பாலும் திடச்சுவர்தான். அதற்கு உள்பக்கமோ வெளிப்பக்கமோ பலகை அடித்தால் புள்ளி நன்றாகவே ஏறும். ஆனால் பெரிய செலவு, அறை சுருங்கும், காற்றோட்டத்தைக் கவனிக்காமல் செய்தால் சுவர் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். விற்பதற்காக மட்டும் என்றால் நான் அதைத் தொடவே மாட்டேன்.

புள்ளிகள் எதைக் குறிக்கின்றன என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. உங்கள் எரிவாயு பில்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஹீட்டரை அணைத்தே வைத்திருந்தாலும், கணக்கில் வரவேற்பறை 21 டிகிரி, மற்ற அறைகள் 18 டிகிரி. அப்படி ஒரு கற்பனைக் குடும்பம் அந்த வீட்டில் வாழ்ந்தால் சதுர மீட்டருக்கு எரிபொருள் செலவு எவ்வளவு ஆகும் என்பதே அடிப்படை. 92 முதல் 'ஏ', 81 முதல் 'பி', 69 முதல் 'சி', 55 முதல் 'டி', 39 முதல் 'இ', 21 முதல் 'எஃப்', அதற்கும் கீழே 'ஜி'. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கனமான திரைச்சீலை எதற்கும் மதிப்பில்லை. வீட்டோடு பொருத்திய விளக்குகளுக்கு உண்டு, அதனால் பழைய பல்புகளை எல்இடியாக மாற்றிவிடுங்கள். ஒரு புள்ளி கிடைத்தாலும் லாபம்.

செலவுதான் அடிப்படை என்பதால் ஒரு விசித்திரம் நடக்கும். கிராய்டனில் நண்பர் ஒருவருக்கு ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட். சுற்றிலும் மற்ற ஃபிளாட்டுகள், வெளிச்சுவர் இரண்டே இரண்டு, குளிர்காலத்திலும் கதகதப்பாக இருக்கும். ஆனாலும் தரம் 'எஃப்'. காரணம், சுவரில் மாட்டிய சாதாரண மின்சார ஹீட்டர்கள். ஒரு யூனிட் மின்சாரம் எரிவாயுவைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. இரவு நேர மலிவு மின்சாரத்தைச் சேமித்துவைத்துப் பகலில் வெப்பம் தரும் நவீன ஹீட்டர்களை மாட்டி, மின் இணைப்பையும் இரவுக் கட்டணத் திட்டத்துக்கு மாற்றியதும் 'டி' வந்துவிட்டது. இன்னொன்று: ஏதாவது ஓர் அறையில் பொருத்தப்பட்ட ஹீட்டரே இல்லை என்றால், கையில் தூக்கிப் போகும் மின்சார ஹீட்டரை வைத்துச் சூடேற்றுவதாகக் கணினி முடிவுகட்டும். அழகுக்காக ரேடியேட்டரைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருந்தால் மாட்டிவிடுங்கள்.

இனி சட்டம். விற்பவருக்கும் வாடகைக்கு விடுபவருக்கும் வழி பிரிவது இங்கேதான்.

விற்பதானால் குறைந்தபட்சத் தரம் என்று ஒன்றும் கிடையாது. 'ஜி' வீட்டையும் விற்கலாம். ஆனால் விளம்பரம் வெளியாவதற்கு முன்பே இபிசிக்குச் சொல்லிவைத்திருக்க வேண்டும். கையில் இல்லாமல் விற்க முயன்றால் வீட்டுக்கு 200 பவுண்டு அபராதம். தொடங்கிய காலத்தில், 2007 ஆகஸ்டில், இது வீடு விற்பவர் தர வேண்டிய பெரிய ஆவணக்கட்டு ஒன்றின் அங்கமாக இருந்தது. 2010 மே மாதம் வந்த புதிய அரசு அந்தக் கட்டைத் தூக்கி எறிந்தது. இபிசி மட்டும் தப்பிப் பிழைத்தது.

வாடகைக்கு என்றால் 2008 அக்டோபரிலிருந்தே சான்றிதழ் கட்டாயம். 2018 ஏப்ரல் 1 முதல் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே குடியிருப்பவர்களின் ஒப்பந்தங்களுக்கும் குறைந்தது 'இ' வேண்டும். 'எஃப்' அல்லது 'ஜி' என்றால் சீர்திருத்த வேண்டும், ஆனால் வாட் வரி உட்பட 3,500 பவுண்டுக்கு மேல் செலவழிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வளவு செலவழித்தும் 'இ' எட்டவில்லை என்றால் அதற்கான பதிவேட்டில் 5 ஆண்டு விலக்குப் பெறலாம். விலக்கு தானாக வராது, நாம்தான் போய்ப் பதிய வேண்டும். பதியாமல் விட்டு மாட்டிக்கொண்டால் நகராட்சி ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 5,000 பவுண்டு வரை அபராதம் போடலாம்.

'சி' இல்லாவிட்டால் வாடகைக்கே விட முடியாது என்று ஏஜெண்ட் பயமுறுத்தியிருப்பார். எனக்கும் அதே பாட்டுதான் பாடினார்கள். 2025, 2028 என்று பேசப்பட்ட கெடுவை 2023 செப்டம்பரில் ரிஷி சுனக் கைவிட்டார். பிறகு வந்த அரசு, 2030க்குள் 'சி' என்ற யோசனையை 2025 பிப்ரவரியில் மக்கள் கருத்துக்கு வைத்தது. நீண்ட காலம் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அந்தத் திசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாய்லர் பழுதாகும்போது, கூரை பிரிக்கும்போது, அதோடு சேர்த்துச் செய்யுங்கள். விதி என்ன வடிவத்தில் அமலாகிறது என்று அரசின் தளத்தில் பார்க்காமல் எந்த ஒப்பந்தக்காரருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். வெப்பக்காப்பு வேலையை 2027 மார்ச் 31க்குள் ஆள் வைத்துச் செய்தால் அதற்கு வாட் வரி இல்லை; கடையில் பொருளை மட்டும் வாங்கி நீங்களே விரித்தால் வரி உண்டு.

ஏஜெண்ட் மூலம் எடுத்தால் அவர் தன் பங்கையும் சேர்த்துக்கொள்வார். அரசின் தளத்திலேயே உங்கள் பகுதியில் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர்களைத் தேடலாம். நான் கொடுத்தது 75 பவுண்டு. 2025 ஜூன் 15இலிருந்து கணக்கிடும் முறை மாறியிருக்கிறது. இப்போது சன்னல்களை ஒவ்வொன்றாக அளக்கிறார்கள், நேரமும் கூடுதலாகப் பிடிக்கிறது. அதனால் 2014ஆம் ஆண்டுச் சான்றிதழில் இருந்த புள்ளி அப்படியே திரும்ப வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் ஏற்பாடு வேறு, உங்களுக்கு அது தேவைப்படாது.

உங்கள் வீட்டில் லாஃப்ட் அறை உண்டா என்று கேள்வியில் இல்லை. பழைய சான்றிதழில் 'அனுமானம்' என்ற சொல் எந்தெந்த வரிகளில் வருகிறது என்று பார்த்து, அந்த வரிகளைக் கீழே எழுதுங்கள். எந்தக் காகிதத்தைத் தேட வேண்டும் என்று சொல்கிறேன்.