கொரிய எழுத்தும் கணினியும்: கேள்வி பதில்

கொரிய மொழிக்கு அடிப்படை எழுத்துகள் 24தான். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடு தரத்தில் ஏன் 11,172?

அவை அசைகள். அடிப்படை எழுத்துகள் சேர்ந்து உருவாகும் கூட்டெழுத்துகளையும் எண்ணினால் முதல் மெய் 19, உயிர் 21, இறுதி மெய் 27. இறுதி மெய் இல்லாத நிலையும் சேர்ந்தால் 28. பெருக்கினால் 11,172. அட்டவணையே வேண்டாம், கணக்கே போதும். 'ஹன்' என்ற அசையைப் பார்ப்போம். பூச்சியத்திலிருந்து எண்ணினால் ஹ 18, அ 0, ன் 4. 18ஐ 21ஆல் பெருக்கி, உயிரைக் கூட்டி, 28ஆல் பெருக்கி, இறுதி மெய்யைக் கூட்டினால் 10,588. யூனிகோடில் அசைகள் தொடங்கும் எண் 44,032ஐச் சேர்த்தால் 54,620. அதுதான் 'ஹன்'. திருப்பி வகுத்தால் மூன்றும் பிரிந்து வந்துவிடும்.

மேக்கிலிருந்து வந்த கோப்பின் கொரியப் பெயர் விண்டோஸில் உதிரி எழுத்துகளாகத் தெரிகிறது.

அதே 'ஹன்'னை மூன்று குறிகளாகவும் எழுதலாம்; உங்கள் கோப்பின் பெயர் அப்படி வந்திருக்கிறது. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் 9 ஆகிவிடும். ஒரே எழுத்தை எப்படி எழுதியிருந்தாலும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோடு முறை என்எஃப்சி. அந்த வடிவுக்கு மாற்றுங்கள், சேர்ந்துவிடும்.

கொரியாவின் 1987 எழுத்துக் குறியீட்டுத் தரத்தில் எல்லா அசையும் இல்லையாமே?

2,350தான் இருந்தன. மீதி 8,822ஐ விண்டோஸ் 95 காலத்தில் மைக்ரோசாஃப்ட் காலி இடங்களில் செருகியது. அதனால் குறியெண் வரிசையும் அகரவரிசையும் ஒத்துப்போகாது.

பெயர் இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை.

மேலே சொன்னதுதான். என்எஃப்சி.

கொரியனுக்கு 11,172 கொடுத்தவர்கள் தமிழின் 247க்கு இடம் தராதது அநியாயம் இல்லையா?

கோபம் புரிகிறது. ஆனால் கொரியாவுக்கு அது சும்மா கிடைக்கவில்லை. யூனிகோடு 1.1இல் 6,656 அசைகள் இருந்தன, 1996இல் 2.0 வந்தபோது எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பழைய கோப்புகள் பாழாயின. அதன்பின், ஏறிய எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்று விதியே வைத்துவிட்டார்கள். தமிழோ இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டுத் தரம் வழியாக, உயிர்க்குறிகளோடு நுழைந்தது.

247க்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்-16 குறியீடு இருக்கிறதே? தமிழக அரசே 2010இல் ஏற்றது.

அது யூனிகோடு யாருக்கும் ஒதுக்காமல் விட்ட தனிப்பயன் பகுதியில் இருக்கிறது. அதற்கான எழுத்துரு இல்லாத கணினியில் கட்டம்தான் தெரியும்.

அப்படியானால் இப்போதாவது 247ஐயும் சேர்க்கலாமே?

சேர்த்தாலும் என்எஃப்சி அவற்றை உடைத்தே வைக்கும், ஏற்கெனவே உள்ள உரைகளின் வடிவம் மாறக்கூடாது என்பதால். 'கொ'வையே பாருங்கள்: ஒகரக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக்குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, தேடலில் வேறு வேறு. 247ம் வந்தால் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் இதே தொல்லை.

இரண்டு சொல்லும் ஒன்றாகத் தெரிகிறது, ஆனால் சமமில்லை என்கிறது நிரல்.

மூன்றாம் முறை சொல்கிறேன்: ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி ஆக்குங்கள்.

பழைய கொரிய நூல்களின் எழுத்துகள்?

11,172க்குள் வராதவற்றை உறுப்புகளாகத்தான் எழுத வேண்டும். அதை ஆதரிக்கும் எழுத்துரு தேவை.