கூலன்ட் குறைகிறது, வண்டிக்கு அடியில் ஒரு சொட்டும் இல்லை

26 வருடமாக இன்ஜின் ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல் மூடி போல இருக்கும் பாகம்) கழற்றி மாட்டும் வேலை பார்க்கிறேன். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குவது பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

திருச்சியிலிருந்து: அண்ணா, வாரம் அரை லிட்டர் கூலன்ட் ஊத்துறேன். கீழே ஈரமே இல்ல. காலையில ஸ்டார்ட் பண்ணா ஒரு நிமிஷம் உதறுது, அப்புறம் சரியாயிடுது. பெட்ரோல் வண்டி.

தம்பி, ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். வண்டியை நிறுத்திய பிறகும் கூலிங் சிஸ்டத்தில் கொஞ்ச நேரம் அழுத்தம் இருக்கும், சிலிண்டரில் இருக்காது. அதனால் கேஸ்கெட்டில் உள்ள மெல்லிய விரிசல் வழியாகக் கூலன்ட் கசிந்து பிஸ்டன் தலையில் தேங்கும். காலையில் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் எரியாது. அதுதான் உதறல். ஓடும்போது இதற்கு நேர்மாறாக, எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுந்து டப்பாவில் குமிழி விடும்.

ஹெட்டைக் கழற்றச் சொல்லிவிடாதீர்கள். முதலில் நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல வெளுத்திருந்தால் குற்றவாளி அந்த சிலிண்டர். அடுத்து, ரேடியேட்டர் மூடியில் போட்டிருக்கும் அழுத்தத்துக்குக் கூலிங் சிஸ்டத்தில் பம்ப் அடித்து, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பிளக் ஓட்டை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூடியைத் திறப்பதெல்லாம் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான்.

நாமக்கல்லிலிருந்து: டீசல் கார். சாவி திருப்பினா 'டக்'குனு ஒரு சத்தம், அதோட நின்னுடுது. பேட்டரி புதுசு. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா சார்?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் கூலன்ட் இறங்கி, பிஸ்டன் மேலே ஏற இடமில்லாமல் முட்டி நிற்கிறது என்றுதான் அந்த 'டக்'கை எடுத்துக்கொள்ள வேண்டும். டீசலில் பிஸ்டனுக்கு மேல் இருக்கும் இடம் இன்னும் குறைவு. தள்ளினால் வண்டியின் மொத்த எடையும் சேர்ந்து கனெக்டிங் ராடை வளைத்துவிடும். க்ளோ பிளக்குகளை (டீசல் இன்ஜினில் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் பிளக்) கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். தண்ணீர் பீச்சி அடிக்கும், முகத்தை அருகில் கொண்டுபோகக் கூடாது. உங்கள் வண்டியில் இஜிஆர் கூலர் (எரிந்த புகையில் ஒரு பகுதியைக் கூலன்டால் ஆற வைத்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம்) இருந்தால் அதையும் சோதிக்க வேண்டும். அதில் விரிசல் விட்டாலும் கூலன்ட் காற்று போகும் பாதை வழியாக சிலிண்டருக்கு வரும். அதைப் பார்க்காமல் ஹெட் கழற்றிச் செலவழித்தவர்கள் உண்டு.

ஊட்டியிலிருந்து: காலையில சைலன்சர்ல வெள்ளைப் புகை வருது.

குளிருக்கு அது நீராவி. இன்ஜின் சூடானதும் நின்று, ஒரு வாரம் கூலன்ட் அளவும் இறங்காவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

மதுரையிலிருந்து: ரேடியேட்டர்ல மஞ்சள் தூள் போட்டா அடைச்சுக்கும்னு சொல்றாங்களே?

ரேடியேட்டரில் ஊசி ஓட்டை என்றால் வீடு வந்து சேர உதவலாம். சிலிண்டரில் எரியும்போது ஏறும் அழுத்தம் 50 பாரைத் தாண்டும், அங்கே தூள் நிற்காது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களைத்தான் அடைக்கும்.

கோவையிலிருந்து: கேஸ்கெட் மாத்தி ரெண்டு மாசத்துல மறுபடியும் அதே பிரச்சினை. கேஸ்கெட் டூப்ளிகேட்டா?

இருக்கலாம், ஆனால் நான் வேறு கேள்வி கேட்பேன்: முதலில் ஏன் சூடேறியது? தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டிக்கு ஹெட் மாட்டி அனுப்பினேன், ரேடியேட்டர் ஃபேனை ஓடவைக்கும் ஸ்விட்சான ஃபேன் ரிலேயைப் பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் ஹெட் மறுபடி கோணி வந்தது. அந்தக் குடும்பத்துக்கு இரண்டு தடவை செலவு. அது இன்னும் மனதை உறுத்துகிறது. ஃபேன், வாட்டர் பம்ப், போர் தண்ணீர் ஊற்றி உப்புப் படிந்த ரேடியேட்டர், எல்லாம் பார்த்த பிறகே ஹெட்டை மூட வேண்டும். 'நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை' என்று கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கிப் போடுவதும் தவறு, இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது.

லேத்தில் ஹெட்டை ஃபேஸிங் (அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது) மட்டும் செய்தார்களா, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட்டும் செய்தார்களா? பல இன்ஜின்களுக்கு 0.05 மி.மீ. கோணலே அதிகம். விரிசல் இருந்தால் ஃபேஸிங் செய்தும் பயனில்லை. முறுக்கும்போது நிரந்தரமாக இழுபடும் வகை ஹெட் போல்ட் என்றால் புதிதுதான் போட வேண்டும். கம்பெனி சொன்ன வரிசையில், பெரும்பாலும் நடுவிலிருந்து வெளியே, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து: வடிச்ச கூலன்ட் தட்டுல இருக்கு. தெரு நாய் நக்கிடுச்சு, ஒண்ணும் ஆகாதுல்ல?

ஆகும் அம்மா. பெரும்பாலும் அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தை அழிக்கும் விஷம். வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கூலன்ட் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.