ஒலிப்பட்டறை: ஜப்பான் ஆம்ப்பும் அப்பாவின் இசைத்தட்டும்

*அண்ணே, ஈப்போவில் ஜப்பான் பழைய சாமான் விற்கும் கடையில் சான்சுய் ஆம்ப்ளிபையர் ஒன்றை 280 வெள்ளிக்கு வாங்கினேன். போட்டுக் காட்ட மாட்டோம், வாங்கினால் வாங்கியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். பிளக்கின் கால் தட்டையாக இருக்கிறது. அடாப்டர் போட்டுச் சொருகினால் போதுமா?*
*– வாசகர், சுங்கை சிப்புட்*

போதாது தம்பி. சொருகுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி. அடாப்டர் பிளக்கின் காலைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது. ஜப்பானில் வீட்டுக் கரண்டு 100 வோல்ட். நம் சுவரில் வருவது 230. அப்படியே போட்டால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று தேடுவது லேசான காரியம் இல்லை.

பெட்டியின் பின்பக்கம் ஒயர் உள்ளே போகிற இடத்தில் பாருங்கள். வெளிநாட்டுக்கென்று செய்த சில மாடல்களில் வோல்ட்டை மாற்றிவைக்க ஒரு சின்னத் திருகி இருக்கும். 100 என்று மட்டும் போட்டிருந்தால் சுவரின் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கத்தான் வேண்டும். இங்கே கடைகளில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 110 வோல்ட் தருவது. பத்து சதவீதம் கூடுதல் கரண்டில் பழைய ஆம்ப் தேவைக்கு மேல் சூடாகும், அதனால் 100 தருவதையே கேட்டு வாங்குங்கள். ஆம்ப்பின் பின்னால் 120 வாட் என்று எழுதியிருந்தால் 300 வாட் டிரான்ஸ்ஃபார்மராகப் பாருங்கள்.

வாங்கியாயிற்றா? சரி, இன்னும் சொருக வேண்டாம். முதலில் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். எதையும் விரலால் தொடாதீர்கள். கரண்டைச் சேர்த்துவைக்கும் பெரிய கெபாசிட்டர்களில் அது இன்னும் தங்கியிருக்கலாம். தோட்டத்து வீடுகளிலிருந்து என் மேசைக்கு வருகிற பெட்டிகளில் பல்லி முட்டையும் எறும்புப் புற்றும் சர்வசாதாரணம். ஜப்பானிலிருந்து வந்ததில் அது இருக்காது, ஆனால் வேறொன்று இருக்கலாம். கெபாசிட்டர்களின் அடியில் கருப்பட்டிப் பாகு காய்ந்தாற்போல் பழுப்பாக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பாகங்கள் ஆடாமல் இருக்க அன்றைக்குத் தொழிற்சாலையில் வைத்த பசை அது. வைத்தபோது வெளிர் மஞ்சளாக இருந்தது. சூட்டிலும் வயதிலும் பழுப்பாகி, ஈரத்தை இழுத்து, கரண்டு கடத்த ஆரம்பித்துவிடும். பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டர்களின் காலையும் அரித்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். கெபாசிட்டர் மாற்றுவதற்கு முன்னால் இந்தப் பசையைச் சுரண்டி எடுங்கள் என்றுதான் யாரிடமும் சொல்வேன்.

அப்புறம்தான் கரண்டு. நேராகக் கொடுக்காமல் நடுவில் ஒரு பல்பை வைத்துக் கொடுக்க வேண்டும். எல்இடி உதவாது, இழை எரிகிற பழைய குண்டு பல்புதான் வேண்டும், 60 வாட் போதும். சுவருக்கும் நீங்கள் வாங்கிய டிரான்ஸ்ஃபார்மருக்கும் இடையே அதைத் தொடராக இணைப்பது. பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்ல அறிகுறி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம், அணைத்துவிடுங்கள். இந்த இணைப்பைச் செய்து பழக்கம் இல்லாதவர் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே மேல்.

பல்பு மங்கி, அதையும் எடுத்துவிட்டுக் கரண்டு கொடுத்தபின், ஸ்பீக்கர் மாட்டாமல் ஸ்பீக்கர் முனைகளில் மல்ட்டிமீட்டரை டிசியில் (நேர்மின்சாரத்தில்) வைத்து அளந்து பாருங்கள். இடது, வலது இரண்டிலும் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம். 100-ஐத் தாண்டினால் மாட்டாதீர்கள், முதலில் பழுது பாருங்கள். வால்யூமைத் திருப்பும்போது கரகரத்தால் பயப்பட ஒன்றுமில்லை, காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் போய்விடும்.

முகப்பைச் சுரண்டி ஸ்பிரே அடிக்கலாமா என்றுதான் அடுத்து கேட்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த எழுத்துகள் அழிந்தால் மறுபடி வராது. காசை உள்ளே செலவழியுங்கள்.

*ஜப்பானிலிருந்து வந்த டியூனரில் எஃப்எம் பிடிக்கிறது, ஆனால் நம் தமிழ் வானொலி வரவில்லை. பழுதா?*
*– வாசகர், பீடோர்*

பழுது இல்லை. அந்தக் காலத்து ஜப்பான் எஃப்எம் 76-இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம்முடையது 108 வரை போகும். 90-க்கு மேலே இருக்கிற நிலையம் எதுவும் அதில் வராது. மாற்றியமைக்கச் செலவழிக்காதீர்கள், வெளிநாட்டு மாடல் டியூனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

*அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வாங்கிய இசைத்தட்டுகள் இருக்கின்றன. சில நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள், மற்றவை எல்பி. ஜப்பான் டர்ன்டேபிள் வாங்கி, டிரான்ஸ்ஃபார்மரும் போட்டுவிட்டேன். எல்பி போட்டால் பாட்டு இழுத்துக்கொண்டு போகிறது. தட்டெல்லாம் பூசணம் வேறு. ஸ்பிரிட்டால் துடைக்கலாமா?*
*– வாசகி, கோலகங்சார்*

துடைக்காதீர்கள் அம்மா, 78-ஐ மட்டும் துடைக்கவே துடைக்காதீர்கள். அது அரக்கில் செய்தது. தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பாலிஷ் போடுகிறார். உங்கள் தட்டின் வரிகளும் அப்படியே கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் வரியோடு வரியாகத் துடையுங்கள். நடுவில் இருக்கும் லேபிள் நனையக் கூடாது. அரக்குத் தட்டை ஊற வைக்காமல் உடனே ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

பாட்டு இழுப்பதற்குக் காரணம் கரண்டின் அதிர்வெண், அதாவது விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர அதை மாற்றாது. ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ், தோக்கியோ பக்கம் 50. நமக்கும் 50தான். 60-க்கென்று செய்த மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஐந்தரைக் கட்டையில் பாடியவர் குரல் நாலு கட்டைக்கு இறங்கிவிடும். டர்ன்டேபிளின் சுழலும் தட்டைத் தூக்கிப் பாருங்கள். பெல்ட் ஓடுகிற சின்னக் கப்பியை 50-க்குரியதாக மாற்றினால் சரியாகும். 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போன்ற நேரடி மோட்டார் வகைக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று, 78-இன் வரி அகலமானது. அதற்கான ஊசிமுனை எல்பி ஊசியைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு பெரியது. எல்பி ஊசியை அதில் வைத்தால் வரியின் அடியில் கிடந்து கீறும், பாட்டைவிட இரைச்சல்தான் கேட்கும். தனி ஊசி வாங்கும்வரை அப்பாவின் 78 தட்டுகளை ஓட்டாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், சூரிய வெப்பம் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.