அமெரிக்கப் பிள்ளைகள் அப்படித்தான் பேசுவார்களா?

கேள்வி: கணவருக்கு டெக்சாஸில் வேலை. ஜூனில் குடும்பத்தோடு கிளம்புகிறோம். 12 வயது மகள் 'மாடர்ன் ஃபேமிலி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை விடாமல் பார்க்கிறாள். கண்டித்தால், "அங்கெல்லாம் அம்மாகிட்ட இப்படித்தான் பேசுவாங்க" என்கிறாள். பிள்ளையை அதட்டினாலே அங்கே போலீஸ் வந்துவிடும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். நான் எப்படி நடந்துகொள்வது? (கோவை வாசகி)

பதில்: மகள் பார்ப்பது பிள்ளைகளின் பேச்சே அல்ல. சம்பளம் வாங்கும் பெரியவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து, எந்த வரிக்குச் சிரிப்பு வரும் என்று அடித்துத் திருத்தி எழுதியது. அரை மணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது 22 நிமிடம். அதற்குள் சண்டை மூண்டு, வலுத்து, எல்லோரும் கட்டிப்பிடித்து முடிய வேண்டும். 'யூ ஆர் கிரவுண்டட்' என்று அம்மா சொன்னதும் காட்சி மாறிவிடும். நிஜ வீட்டில் அதற்கப்புறம்தான் தண்டனையே ஆரம்பம்: இரண்டு வாரம் ஃபோன் கிடையாது, பள்ளி விட்டால் நேரே வீடு, தோழியின் பிறந்தநாளுக்கும் போக முடியாது. ஃபோனைப் பறிகொடுத்த பிள்ளை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிவதில் காமெடி இல்லை. அதனால் காட்டுவதில்லை.

இந்த அம்மா அப்பாக்களும் காலத்துக்குக் காலம் மாறியவர்கள்தான். 1954இல் தொடங்கிய 'ஃபாதர் நோஸ் பெஸ்ட்' தொடரின் பெயரே எல்லாம் அப்பாவுக்குத் தெரியும் என்கிறது. 1984இல் வந்த 'காஸ்பி ஷோ'வின் முதல் பகுதியில் மார்க் குறைந்த மகன், "நான் சாதாரண ஆளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், அப்படியே என்னை நேசியுங்கள்" என்று உருகுவான். அரங்கில் கைதட்டல். அப்பாவோ, இப்படியொரு முட்டாள்தனத்தைக் கேட்டதே இல்லை என்று ஒரே போடாகப் போடுவார். (அந்த நடிகரின் பெயர் பிற்பாடு கெட்டது வேறு கதை.) 1992இல் அதிபர் ஜார்ஜ் புஷ், அதாவது மூத்தவர், நம் குடும்பங்கள் 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் குடும்பம் மாதிரி இருக்கக் கூடாது என்று மேடையிலேயே சொன்னார். ஆக, அமெரிக்கர்களே இதைத் தங்கள் வீடு என்று ஒப்புக்கொள்வதில்லை.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு: 'ரோசேன்', 1988. மற்ற தொடர்களில் அந்தப் பெரிய வீட்டுக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்றே தெரியாது. இதில் தெரியும். அம்மா பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்பவள். அப்பா கட்டட வேலைக்காரர், சில மாதம் வேலை இருக்கும், சில மாதம் இருக்காது. எந்த பில்லை இப்போது கட்டுவது, எதைத் தள்ளிப்போடுவது என்ற கணக்கு அந்த வீட்டுச் சமையலறை மேசையிலேயே நடக்கும், பிள்ளைகளின் காதிலும் விழும். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஒற்றைச் சம்பளத்தில் ஓட்டப்போகும் முதல் வருடம் உங்கள் மேசையிலும் அதே கணக்குதான் நடக்கும். அதை மகளிடம் மறைக்காதீர்கள்.

சரி, மாமியார் விஷயம். அதட்டினால் போலீஸ் வராது. ஆனால் உடம்பில் அடித்த தடம் இருந்து, கொடுமையோ என்று ஆசிரியைக்குச் சந்தேகம் வந்துவிட்டால் அரசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும், அது சட்டம். அதனால் கை ஓங்கும் பழக்கம் இருந்தால் கோவையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். வேடிக்கை என்னவென்றால், பெற்றோர் எழுத்தில் மறுக்காவிட்டால் பள்ளியே பிள்ளையை அடிக்க டெக்சாஸ் சட்டத்தில் இடம் இருக்கிறது. அடிப்பதா வேண்டாமா என்பது அந்தந்தக் கல்வி மாவட்டத்தின் முடிவு. சேர்த்ததும் முதல் வேலையாக அந்த மறுப்புக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இனி நான் அடித்துச் சொல்ல வேண்டியது. 'அமெரிக்கப் பெற்றோர் ஆவது எப்படி' என்று வாட்ஸ்அப்பில் வகுப்பு விற்பவர்களிடம் சிக்காதீர்கள். மகள் இலவசமாகப் பார்க்கும் அதே காட்சிகளை வெட்டி ஒட்டி, சான்றிதழும் தருவார்கள். அந்தச் சான்றிதழை எந்தப் பள்ளியும் கேட்காது. பள்ளியில் இடம் வாங்கித் தருகிறேன் என்பவர் இன்னும் மோசம். ஒரு குடும்பம் நல்ல தொகையைக் கொட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தது. அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது, உங்கள் முகவரிக்கு உரிய பள்ளி சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பழைய பள்ளியின் மார்க் பட்டியல் போதும். இந்த நாலு தாளுக்கு எதற்கு ஏஜென்ட்?

திரையின் மூலையில் வரும் வயதுக் குறியீட்டையும் நம்பி உட்காராதீர்கள். 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தையொட்டி, அடுத்த வருடம் பெரிய ஆரவாரத்தோடு கொண்டுவந்தார்கள். குறியீடு போடுவது யார்? சேனல்களேதான். திருடன் கையில் சாவி! இத்தனை வருடமாகியும் அதை மாற்றக் காணோம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.

பார்த்தால் ஒன்று பிடிபடும். 'மாடர்ன் ஃபேமிலி'யில் மகளுக்குப் பிடித்திருப்பது அநேகமாக, பிள்ளைகளுக்குத் தோழனாக இருக்கத் தவிக்கும் அப்பா ஃபில். தொடர் அவரை வைத்துத்தான் சிரிக்கிறது. அம்மா கிளேர் எத்தனை முறை 'முடியாது' என்கிறாள் என்று மகளையே எண்ணச் சொல்லுங்கள். கையில் ஒரு நோட்டும் கொடுங்கள், விரல் போதாது.