கிம் மின்-ஜே ஒரே ஒரு சீசன் மின்னியவர்தானே? பணத்துக்காகச் சீனா போன ஒரு பின்கள வீரரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

தென்கொரியக் கால்பந்து வீரர் கிம் மின்-ஜேவைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் கடந்து போயிருப்பேன். இரண்டாம் பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

கேட்டவர் இளைஞர் என்று ஊகிக்கிறேன். 2022-23இல் இத்தாலியின் நாப்போலி அணி ஆட்டங்களின் துணுக்குக் காணொளிகளைப் பார்த்து இவர் பெயரைத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். பிறகு 2024 ஏப்ரல் 30 அன்று இவருடைய அடுத்த அணியான ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக்குக்கும் ரியல் மாட்ரிட்டுக்கும் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியைப் பார்த்திருப்பீர்கள். மாட்ரிட்டின் வினீசியஸைத் துரத்திக்கொண்டு தன் இடத்தை விட்டு வெளியே வந்து ஏமாந்தது, கடைசி நேரத்தில் ரொட்ரிகோவை வீழ்த்திப் பெனால்டி கொடுத்தது, இரண்டும் மனத்தில் பதிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் ‘இவர் சீனாவில் ஆடிக்கொண்டிருந்தவர்தானே’ என்று எழுதியிருப்பார். உங்களுக்குக் கணக்கு நேராகிவிட்டது. ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கால்பந்து விமர்சகன் அல்லன், மின்வேதியியல் படித்தவன். காரைக்குடியில் முனைவர் பட்டத்தை முடித்துவிட்டு 2017இல் தென்கொரியாவின் ஜொன்ஜு நகருக்கு ஆய்வாளராகப் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் துறையில் முடித்துவிட்டு வரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்கு முதல் வெளிநாடு கொரியாதான். ஆய்வுக்கூடங்களில் இடம் கிடைக்கும், சம்பளம் ஒழுங்காக வரும், கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் வீட்டில் விடைபெறப் போனபோது என் பெரியப்பா கேட்ட கேள்வி, “ஏன்டா, ஜெர்மனி கிடைக்கவில்லையா?” என்பதுதான். கல்யாண வீடுகளில் அமெரிக்கா போனவனுக்கு நாற்காலி இழுத்துப் போடுவார்கள். கொரியா போனவனிடம் அங்கே நாய்க்கறி தின்பார்களாமே என்று விசாரிப்பார்கள்.

ஜொன்ஜுவில் பக்கத்து மேசைக்காரன் ஒரு கொரிய முனைவர் பட்ட மாணவன். ஜொன்புக் ஹூண்டாய் மோட்டார்ஸ் அணியின் வெறியன். சனிக்கிழமைகூட ஆய்வுக்கூடத்தில் கிடக்க வேண்டிய எங்களுக்கு ஆட்டம் பார்க்கப் போவதே பெரிய விடுதலை. 2002 உலகக் கோப்பைக்காகக் கட்டிய அந்த மைதானத்தில் ஓட்டப்பாதை கிடையாது. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் காதில் விழும். சுற்றிலும் பச்சைச் சட்டைகள், பொரித்த கோழி வாசனை. எல்லாரும் லீ டொங்-கூக்கைப் பார்க்க வந்திருந்தார்கள். அந்த ஊரில் அவர் முன்கள வீரர் என்பதற்கும் மேலே ஏதோ ஒன்று. நண்பன் மட்டும் என் தோளைத் தட்டி, “பின்னால் இருக்கும் பையனைப் பார்” என்றான். பையனுக்கு இருபது வயது.

ஒரு காட்சி அப்படியே நினைவில் இருக்கிறது. எதிரணி நீளமாக ஒரு பந்தைத் தூக்கிப் போட்டது. அவர்களுடைய முன்கள வீரர் வெளிநாட்டுக்காரர், ஆஜானுபாகு. கிம் மின்-ஜே அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. அரையடி முன்னே போக விட்டார். பந்து தரையைத் தொடுகிற கணத்தில் தோளை உள்ளே கொடுத்தார், அவ்வளவுதான். பந்து இவர் காலில், அந்த மனிதர் புல்லில். வேறு எந்தப் பின்கள வீரராக இருந்தாலும் அதைக் கூட்டத்துக்குள் உதைத்துத் தள்ளிவிட்டுப் பெருமூச்சு விட்டிருப்பார். இவர் அதைக் காலிலேயே உருட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போனார். அரங்கில் பாதிப்பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஓர் ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆண்டே ஜொன்புக் கொரியாவின் முதல்நிலை லீகான கே-லீக் பட்டத்தை வென்றது, சிறந்த இளம் வீரர் விருது இவருக்குத்தான் கிடைத்தது.

அவர் வந்த வழியையும் கொஞ்சம் பாருங்கள். தெற்குக் கடற்கரையில் தொங்யொங் என்ற துறைமுக ஊர். அப்பா ஜூடோ ஆடியவர், அம்மா தடகள வீராங்கனை. பிற்பாடு இருவரும் அந்த ஊரில் பச்சை மீன் உணவகம் நடத்தினார்கள். பையன் பெயர்பெற்ற யொன்செய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். 2016இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கியொங்ஜுவில் அணுமின் நிறுவனம் ஒன்று நடத்திய அணியில் ஆடப் போனான். கே-லீக்கில்கூட இல்லாத, அதற்கும் கீழே இருந்த நேஷனல் லீக் அணி அது. நம் ஊரில் யாராவது அப்படிச் செய்திருந்தால் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. ஓராண்டுக்குள் கொரியாவின் சாம்பியன் அணியில் நிலையான இடம் பிடித்துவிட்டார்.

2017 ஆகஸ்ட் 31 அன்று ஈரானுக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகம். சியோலில் 60,000க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள், ஆட்டம் கோலின்றி முடிந்தது. ஈரான் வீரர் ஒருவர் இவர் தலையை மிதித்துச் சிவப்பு அட்டை வாங்கியதும் அன்றுதான். ஆனால் மறுநாள் பேச்செல்லாம் இவருக்குப் பக்கத்தில் ஆடிய அணித்தலைவர் கிம் யங்-க்வானைப் பற்றித்தான். கூட்டத்தின் சத்தத்தில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே முடியவில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். நாடே திட்டித் தீர்த்தது, அவர் மன்னிப்புக் கேட்டார். அந்தத் திட்டில் பாதி எதைப் பற்றி என்கிறீர்கள்? அவர் சீனாவின் குவாங்சோ அணியில் ஆடுகிறார் என்பதைப் பற்றி. சீனாவுக்குப் போன பின்கள வீரன் துருப்பிடித்துவிடுவான் என்று கொரியாவில் ஒரு சித்தாந்தமே உண்டு.

அடுத்த ஆண்டு மே மாதம் கிம் மின்-ஜேவுக்குக் கால் எலும்பு முறிந்தது. உலகக் கோப்பை போயிற்று. ஜூன் 27 இரவு ஜெர்மனி ஆட்டத்தை நாங்கள் ஒரு கோழிக்கடையில் பார்த்தோம். 90 நிமிடம் முடிந்த பிறகு விழுந்த கோலுக்கு முதலில் ஆஃப்சைடு கொடி உயர்ந்தது. காணொளியைப் பார்த்த நடுவர் கோல் என்றார். அடித்தவர் அதே கிம் யங்-க்வான். கடைக்குள் முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப் பிடித்தார்கள். பத்து மாதத்துக்கு முன் அந்த மனிதரைத் திட்டியவர்களும் அந்தக் கடையில் இருந்திருப்பார்கள், சந்தேகமில்லை.

2018 ஆகஸ்ட்-செப்டம்பரில் இந்தோனேசியாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் ஜப்பானை 2-1 என்று வென்று தங்கம். கொரிய ஆண் பிள்ளைக்கு அந்தத் தங்கத்தின் மதிப்பு வேறு. அது கிடைத்தால் ஏறத்தாழ இரண்டாண்டு ராணுவச் சேவையிலிருந்து விலக்கு. சில வார அடிப்படைப் பயிற்சியும் 544 மணிநேரச் சமூகப் பணியும் போதும். கிடைக்கவில்லை என்றால் இருபதுகளின் நடுவில், கால் நன்றாக ஓடுகிற வயதில், சீருடை போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். ஐரோப்பிய அணிகள் கொரிய இளைஞர்களை வாங்கத் தயங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விலக்கு கையில் வந்தது. எல்லாரும் ஐரோப்பா என்று காத்திருந்தார்கள். 2019 ஜனவரியில் இவர் சீனாவின் பெய்ஜிங் குவோஆன் அணிக்குப் போனார்.

என் நண்பன் கிம் மின்-ஜே பெயர் போட்ட ஜொன்புக் பச்சைச் சட்டையை ஆய்வுக்கூடத்தின் துடைக்கும் துணிக் கூடையில் போட்டான். வேடிக்கைக்கு என்று நினைத்தேன். வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தது. “பணம், வேறென்ன” என்றான். எனக்கு வந்த கோபம் எனக்கே விளங்கவில்லை. அவனிடம் கேட்டேன், “நான் எதற்காக இங்கே வந்திருக்கிறேன் என்று நினைக்கிறாய்? உங்கள் ஊர் சோயாமுளை சூப்பைக் குடிக்கவா?” பணத்துக்காகப் போகவில்லை என்று கிம் மின்-ஜேவுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. பணத்துக்காகவும்தான் போயிருப்பார். மீன் கடை வைத்துப் பிள்ளையை வளர்த்த வீட்டில் பணம் கெட்ட வார்த்தையா? சம்பளத்துக்காக நாடு விட்டு நாடு வந்தவனுக்கு அதைக் கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கும்.

சீன லீக் என்றால் ஏதோ தெருமுனை ஆட்டம் என்று நினைப்பவர்களுக்கு அப்போது அங்கே ஆடிக்கொண்டிருந்த பெயர்களைச் சொல்கிறேன்: ஹல்க், தாலிஸ்கா, பவுலினோ, அர்னாட்டோவிச், ரொண்டோன். வாரா வாரம் இப்படிப்பட்ட ஆட்கள் எதிரில் வந்து மோதினால் துருப்பிடிக்குமா? 2019இல் பெய்ஜிங் இரண்டு புள்ளி வித்தியாசத்தில்தான் பட்டத்தைத் தவறவிட்டது. லீகின் தரம் முழுக்க உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. இந்த மனிதருக்கு அங்கே வேலை இருந்தது என்கிறேன்.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மன்னிக்கவும். ஊர் திரும்பியபின் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் நேர்காணல். குழுவில் இருந்த ஒருவர் என் கட்டுரைப் பட்டியலைப் புரட்டவே இல்லை. “கொரியாவா? ஐரோப்பா பக்கம் முயற்சி செய்யவில்லையா?” என்று மட்டும் கேட்டார். அடுத்தவர் அதற்குச் சிரித்தார். வெளியே வந்ததும் ஓர் அலுவலர் ஓரமாக அழைத்து, இடத்துக்கு இவ்வளவு லட்சம் என்று ஒரு தொகை சொன்னார். அதாவது, சம்பளத்துக்காகக் கொரியா போனது இழுக்கு, அந்தச் சம்பளத்தை உறையில் போட்டு இவர்களிடம் கொடுத்தால் தகுதி. அரசு உதவி பெறும் பணியிடங்களில் இது எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். எல்லாக் கல்லூரிகளையும் சொல்லவில்லை, நேர்மையாக நடத்துபவர்களையும் பார்த்திருக்கிறேன். இப்போது ஒரு தனியார் மின்கல நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நன்றாகவே இருக்கிறேன்.

சரி, ஆளுக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் துருக்கியின் ஃபெனர்பாச்சே, பத்திரிகைகள் எழுதிய விலை சுமார் 30 லட்சம் யூரோ. ஓராண்டில் நாப்போலி, சுமார் 1.8 கோடி. மறு ஆண்டு பாயர்ன், சுமார் 5 கோடி. சீனாவில் வீணாய்ப் போனவனுக்கா இந்த ஏறுமுகம்?

நாப்போலிக்கு அவர் போன கோடையில் கூலிபாலி, இன்சினியே, மெர்டென்ஸ் என்று தூண்கள் எல்லாம் வெளியேறியிருந்தன. கூலிபாலியின் இடத்தில் யாரோ ஒரு கொரியரா என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். செப்டம்பரில் மிலானில் நடந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளைத் தேடிப் பாருங்கள். 2-1 என்று நாப்போலி முன்னிலை. பிராஹிம் டியாஸ் மிக அருகிலிருந்து கோலை நோக்கி அனுப்பிய பந்தின் குறுக்கே இவர் காலை நீட்டுகிறார். அது தடுத்ததா, தட்டியதா என்று புரிவதற்குள் எழுந்து முஷ்டியை மடக்கிக் கத்துகிறார். கோல் அடித்தவனுக்குரிய கத்தல் அது. அந்த சீசனில் நாப்போலி விட்ட கோல்கள் 28, லீகிலேயே மிகக் குறைவு. மரடோனா காலத்துக்குப் பின், 33 ஆண்டு கழித்து, 16 புள்ளி முன்னிலையில் பட்டம். இத்தாலிய லீகான சீரி ஆவின் சிறந்த பின்கள வீரர் விருது முதன்முறையாக ஓர் ஆசியருக்கு. அந்த ஆண்டு உலகின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருதுப் பட்டியலில் 22ஆம் இடம். பின்கள வீரர்களில் இவருக்கு மேலே யாரும் இல்லை.

அந்த வெற்றிக்களிப்பில் இருந்தவர் நேராக எங்கே போனார் தெரியுமா? நொன்சானில் ராணுவப் பயிற்சி முகாமுக்கு. மூன்று வாரம் கழித்து வெளியே வந்தபோது பாயர்னின் மருத்துவப் பரிசோதனை சியோலிலேயே காத்திருந்தது. ஓய்வு எங்கே இருந்தது?

பாயர்னில் எல்லாமே நன்றாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. முதல் ஆண்டில் பாதி சீசனுக்குப் பிறகு சக பின்கள வீரர் டையரிடம் இடத்தை இழந்தார். மாட்ரிட் அன்று அடித்த இரண்டு கோலிலும் இவர் பங்கு உண்டு. இவர் பேராசைப்பட்டுவிட்டார் என்று பயிற்சியாளர் டூகல் பகிரங்கமாகவே சொன்னார். 2025இல் இன்டர் மிலானுக்கு எதிரே, கோல் அடித்த பவார்டைத் தவறவிட்டதும் உண்மை. ஆனால் அந்த ஆண்டு முழுக்க வீங்கிய குதிகால் தசைநாணோடு ஆடினார். ஆட வைத்தார்கள் என்பது சரியாக இருக்கும். கொரியப் பயிற்சியாளர் ஹொங் மியுங்-போ அதை வெளிப்படையாகக் குறை கூறினார். அவர் 2002 அணியின் தலைவர், அவரும் பின்கள வீரர்தான். அந்தக் காலோடு ஆடித்தான் பாயர்ன் பட்டத்தில் பங்கெடுத்தார். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் லீக் பட்டம் வென்ற முதல் கொரியர் இவர். அதை ஒரு சீசன் என்று எப்படி எண்ணுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இவர் இல்லாத ஓர் ஆட்டத்தையும் பாருங்கள். 2024 பிப்ரவரி 6, ஆசியக் கோப்பை அரையிறுதி, எதிரணி ஜோர்டான். மஞ்சள் அட்டைத் தடையால் இவர் களமிறங்க முடியவில்லை. கொரியா 0-2 என்று தோற்றது. சோன் ஹியுங்-மின் இருந்தார், லீ காங்-இன் இருந்தார். பின்னால் பந்தை வைத்துக்கொள்ள ஆள் இல்லை.

மாட்ரிட் ஆட்டத்தின் ஐந்து நிமிடத் துணுக்கை இணைத்து மறுபடியும் என்னிடம் வருபவர்கள் முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பாயர்னில் இவரோடு ஆடிய பின்கள வீரர் உபமெகானோவின் தவறுகளைப் பற்றி மட்டும் ஏன் பேசுவதில்லை என்றால், அது தனிக் கேள்வி. கேளுங்கள், நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.